வேலிக் கணக்கு

நான்கு நாளாய் ஒரே சட்டை.
கொன்செப்சியோனுக்கு வடக்கே
செம்மண் சாலை முடிகிற பண்ணையில்
மாடுகள் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டன.
நான் பறவையைப் பார்க்கத் தொடங்கவே இல்லை.

இரவில் கேட்கிறது.
ஐந்து சுரம், மேலிருந்து கீழே,
அழுதுகொண்டே படியிறங்குகிறவள் போல.
உருத்தாவு என்கிறார்கள் குவரானியில்.
இருப்பதைக் காதுக்குச் சொல்லிவிட்டு
விடிந்ததும் கண்ணிடம்
இல்லவே இல்லை என்று சாதிக்கிற பிறவி.

டூக்கான் எளிது.
ஆரஞ்சு அலகை நீட்டிக்கொண்டு
கல்யாண போட்டோவில் தானாக வந்து நுழையும்
மாமா போல நிற்கும்.
இதற்கோ
கெப்ராச்சோ மரங்களின் முறிந்த கிளை ஒவ்வொன்றையும்
பறவையாக இருந்துவிடச் சொல்லிக்
கெஞ்சிப் பார்த்தாயிற்று.
கிளைகள் நேர்மையானவை.
கிளையாகவே இருந்தன.

எலிஹியோ வேலி போடுகிறவன்.
பறவைகள் பற்றி அவனுக்கு அபிப்பிராயம் ஏதுமில்லை.
கையில் கம்பி முறுக்கும் குறடு,
காதுக்கும் தோளுக்கும் நடுவே போன்,
போனில் மனைவி நிமியா,
வாஷிங் மெஷினின் மூன்றாவது தவணை.
ஐஸ் மிதக்கும் தெரெரேவைக் கொம்புக் குவளையில் நீட்டினான்.
(குடித்துத் திருப்பித் தரும்போது நன்றி சொல்லக் கூடாது.
போதும் என்று அர்த்தமாகிவிடும்.)
பிறகு பேச்சை நிறுத்தாமலே
மோவாயால் காட்டினான்:

"அந்தக் கம்பம் நான் வெட்டியதில்லை."

எது?

"படலிலிருந்து பதினேழாவது.
எல்லாமே என் மார்பு உயரம்.
அது என் நெற்றிக்கு நிற்கிறது.
ஒரு முழ மரத்தை வீணடிக்கிற ஆளா நான்?"

பதினேழு.
காலையில் அதில்தானா என் தொப்பியை மாட்டினேன்?
இல்லை, பதினாறில்.

முக்காலியைத் தாழ்த்தி
முழங்காலில் முள்ளேற மண்டியிட்டு
மூன்று கிலோ லென்ஸுக்குள் கண்ணை வைத்தேன்.
பட்டை. வெடிப்பு. பாசி படர்ந்த சாம்பல்.
மரம் முடிந்து இறகு தொடங்குகிற இடத்தில்
எல்லைக்கல் எதுவும் நடப்படவில்லை.
ஃபோகஸ் மோட்டார் முன்னும் பின்னும் தடவி
முனகி ஓய்ந்தது.
கையால் திருகினேன்,
பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பது மாதிரி.

கிடைத்தது:
மூடிய இமையில் இரண்டு சிறு வெட்டு.
கதவைச் சாத்தித் தாழிட்டுவிட்டுச்
சாவித் துவாரத்தில் நிற்கிற ஒருவர்.

நான்கு நாளாக
இங்கே பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது யாரென்று
அப்போதுதான் புரிந்தது.

காற்று வந்தது.
கம்பம் அசையவில்லை.
கம்பத்தின் தொண்டையில்
ஒரே ஒரு பூஞ்சிறகு சிலிர்த்து அடங்கியது.

முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
எலிஹியோ திரையை எட்டிப் பார்த்தான்.
"நல்ல கம்பம்."
பிறகு போனில்:
"ஒண்ணுமில்லை நிமியா,
ஒரு அம்மா வேலியைப் படம் எடுக்குது."

இரவு
கூலியாட்கள் அறையில், கிறீச்சிடும் விசிறிக்குக் கீழே,
வேண்டாததை அழிக்க உட்கார்ந்தேன்.
முதல் நாள் வந்திறங்கியதும்
வெளிச்சம் பார்க்க எடுத்த வெற்றுப் படம் ஒன்று.
வேலி, புல், தூரத்தில் தண்ணீர்த்தொட்டி.
அழிக்கும் பொத்தானில் விரலை வைத்துவிட்டு
எதற்கோ
படலிலிருந்து எண்ணிப் பார்த்தேன்.

பதினேழில் விழுந்திருந்தது ஃபோகஸ்,
இறகு இறகாக,
இன்று எடுத்த எதிலும் இல்லாத தெளிவோடு.
படத்துக்குப் பெயர்கூட வைத்திருந்தேன்:
'சோதனை. எதுவும் இல்லை.'

மாற்றவில்லை.

காலையில் வண்டியேறும்போது
எலிஹியோ புதுக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தான்.
பதினைந்தில் ஆணி. பதினாறில் ஆணி.
பிறகு நேராகப் பதினெட்டில்.
பதினேழு? என்றேன்.

என்னைப் பார்க்காமல்,
கம்பத்தையும் பார்க்காமல்,
வாயில் கவ்விய ஆணிகளுக்கு நடுவே சொன்னான்:
"மறந்துபோச்சு."