இரண்டு டிகிரி

பித்தளைக் குழாயை வளைக்குமுன்
உள்ளே தூளுப்பை இறுக்கி அடைக்க வேண்டும்.
இல்லாவிட்டால் நசுங்கிவிடும்.
மூன்று மில்லிமீட்டர் குழாய்.
பகலில் நான் பற்றவைப்பது எரிவாயுக் குழாய்,
அதற்குள் ஒரு நாய் சுருண்டு தூங்கலாம்.
இரவில் இது.
அதே கை, அதே கண்ணாடி,
மூச்சை மட்டும் பத்தில் ஒன்றாக்கிக்கொள்கிறேன்.

பார்மிங்டனில் ஜனவரி. கராஜ் கதவின் கீழ்
பனி நாக்கு நீட்டுகிறது.
சுவரில் பதினொரு புகைப்படங்கள்:
ரொசெண்டோவின் பக்கி
இடமிருந்து, வலமிருந்து, தலைகீழாக.
தலைகீழாக மட்டும் நான்கு.
அவற்றில்தான் அடிப்பக்கம் தெளிவாகத் தெரிகிறது.

அந்த வண்டி இப்போது ஐடஹோவில் யாரிடமோ.
முதுகெலும்பில் ஆறு திருகு போட்ட ஆஸ்பத்திரிக்குக்
கடன் அடைக்க விற்றான்.
விற்ற அன்று என்னைக் கூப்பிடவில்லை.
நானும் ஏன் என்று கேட்கவில்லை.

அச்சு, பல்சக்கரம், மோட்டார் எல்லாம் கடையில் கிடைக்கும்.
பழசாவது கடையில் கிடைக்காது.
வினிகரில் இரும்புநாரை ஊறவைத்துத் துரு காய்ச்சினேன்.
கைக்கடிகாரத் தோல்பட்டை சீட் பெல்ட்டானது.
அவன் முழங்கை தேய்த்த இடத்தில்
நீலத்தைச் சுரண்டி வெள்ளி காட்டினேன்.
பாறையில் நிற்க பாரம் கீழே வேண்டும்,
சக்கரத்துக்குள் பித்தளை வளையம்.
பேட்டரிக்கு இடமில்லாமல்
ஓட்டும் பொம்மையை இடுப்போடு அறுத்தேன்.
ஹெல்மெட்டுக்குள் முகம் வரையவில்லை.

கூண்டின் மேல், ஓட்டுபவன் தலைக்கு நேராக
ஒரு குழாய் இரண்டு டிகிரி கோணல்.
என் பற்று அது. போட்டிக்கு முந்தைய இரவு,
விடிய இரண்டு மணி,
“வில்மா, போதும், தூங்கு” என்றான். தூங்கினேன்.

சின்னதில் அதை நேராக வைத்தேன்.
யார் அளக்கப்போகிறார்கள்?
மூன்று நாள் மேஜைமேல் நின்றது,
யாரோ அந்நியரின் வண்டியாக.
நாலாம் நாள் தீயைக் காட்டி இளக்கி
அளந்து கோணலாக்கினேன்.
நேராக வைப்பதைவிட அதற்கு அதிக நேரம் பிடித்தது.

விபத்தின் அறிக்கையில்
குழாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
இரண்டு முறை படித்தேன்.

மார்ச்சில் மணற்பாறைகளுக்குக் கொண்டுபோனேன்.
எதையும் சுருக்கிவிடலாம்,
விழுவதைச் சுருக்கினால் வேறொன்றாகிவிடுகிறது.
பெரியது உருண்டபோது
அவன் கை ஸ்டியரிங்கை விட்டதைப் பார்க்க நேரமிருந்தது.
சின்னது, டொக், முடிந்தது.
இமைப்பதற்குள் மல்லாந்து கிடக்கிறது.
எடுத்து நிமிர்த்தித் தூசி தட்டினால் மறுபடி போகும்.

பத்து வருடம் நான் வெளியே நின்றவள்.
கயிற்றைப் பிடித்து, கையைக் காட்டி,
இடம், இன்னும் இடம், நில்.
இன்றும் வெளியேதான் நிற்கிறேன்,
ஆனால் வண்டி சொன்னபடி கேட்கிறது.
இடம் என்றால் இடம்.
ஒரு வாக்குவாதம் இல்லை, ஸ்பானிஷில் ஒரு வசவு இல்லை.
அரை மணியில் சலித்துவிட்டது.

அதனால்தான் அவனைக் கூப்பிட்டேன்.

ஊன்றுகோலைச் சந்தனநிறப் பாறையில் சாய்த்துவிட்டு
ரிமோட்டை வாங்கிக்கொண்டான்.
வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
நான் மணலில் குப்புறப் படுத்தேன்,
கன்னம் அதன் டயரின் உயரத்தில்.
ஒற்றை விரலால் இடம் காட்டினேன்.
வலம் போனான்.
முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது.
முஷ்டியை மூடினேன்: நில்.
நிற்கவில்லை.

டொக்.

மெதுவாக, இடுப்பை ஒரு பெட்டியைப் போல் இறக்கி
பக்கத்தில் வந்து குனிந்தான்.
விசையிலிருந்து விரலை எடுக்க மறந்திருந்தான்,
நான்கு சக்கரமும் வானத்தைப் பார்த்துச் சுற்றின.
கூண்டின் மேற்குழாயை நகத்தால் தொட்டான்.
“விழுந்ததில் இது வளைந்துவிட்டது, பார்.”

“இல்லை” என்றேன்.