நிறுவை

தராசுத் தட்டுக்கு அடியில்
ஒரு காந்தத் துண்டு.
பதினோரு வருஷம்.

காசிமேட்டுக் கோயிலில்
சட்டையெல்லாம் இறால் நாற்றத்தோடு
பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே முழங்காலிட்டேன்.
கேட்டு முடித்து,
"மூணு அருள்நிறைந்த மரியே சொல்லு" என்றார் சாமியார்.
"அவ்வளவுதானா, சாமி?"
"பின்னே, நிறுத்தா குடுப்பாங்க?
போய் அவங்ககிட்டயும் சொல்லிடு."

விடியற்காலை ஏலக் கூச்சலில்
சலேத்தம்மாவிடம் சொன்னேன்.
கூடையை இறக்கி வைத்தாள்.
"தெரியும்டா.
அதுக்குத்தான் நீ அந்தாண்ட திரும்புறப்போ
ரெண்டு சங்கரா எடுத்துக்குவேன்.
என்னையும் மன்னிச்சிடு."

அவள்தான் முதலில் சிரித்தாள்.
எனக்கு விக்கலே வந்துவிட்டது.
ஐஸ் உடைக்கும் பையன்
கட்டையை ஓங்கியபடியே பார்த்தான்.

காந்தத்தை அவனிடம் கொடுத்தேன்.
துருப்பிடித்த ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டே
படகுகளுக்கு நடுவே
ஓடுகிறான்.