நானூற்று முப்பத்தாறு அடி

மூலனூருக்கு மேற்கே, ராத்திரி ரெண்டேகால்.
ரிக் வண்டி விளக்கில் சோளத்தட்டு வெளுத்துக் கிடக்கிறது.
நானூறு தாண்டியும் புகைதான்.
முதலில் சாம்பல், பிறகு சுண்ணாம்பு வெள்ளை;
என் புருவத்தில், காதுமடலில், டீ டம்ளர் விளிம்பில்
பாறை மாவு.

மடியில் நோட்டு.
போன வாரம் திருச்செங்கோட்டு ஆபீசில்
மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதிய கணக்கு:
முந்நூறில் தண்ணி. பதினோரு மணிக்கு ராடு கழற்றல்.
விடியும்போது தாராபுரம்.
தாராபுரத்துக்கு அடிக்கோடு வேறு.
பூமிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் என்று
நினைத்துவிட்டேன் போல.

சாயங்காலமே ஒவ்வொன்றாகக் கழன்றது.
ராய்ச்சூரில் நிற்கும் ரெண்டாவது வண்டி
அச்சு வரை சேற்றில்.
டீசல்காரர் பழைய பாக்கியைச் சொல்லி
பாதி டேங்க்தான் ஊற்றினார்.
சுக்ராமுக்கு சத்தீஸ்கரிலிருந்து போன்: மகள் பிறந்திருக்கிறாள்.
சிரிக்கிறான், லீவு கேட்கிறான், ராடு தூக்குகிறான்,
எல்லாம் ஒரே நேரத்தில்.
நான் மட்டும் நோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்,
பஸ் போன பிறகும் டிக்கெட்டை விடாதவள் மாதிரி.

செல்லக்குமாரசாமி மொபெட்டை விட்டு இறங்கவே இல்லை.
அடிக்கு இத்தனை என்று காசு.
ஒவ்வொரு ராடு இறங்கும்போதும்
அவர் உதடு கூட்டிக் கழிக்கிறது.
"இன்னொரு நூறு போட்டுப் பாக்கலாமுங்களா?"
பதில் என்னிடம் இருப்பதாக
அவர் நம்புவதுதான் எனக்குப் பயம்.

நானூற்று முப்பத்தாறில் நின்றது.
சத்தம் முதலில் மாறியது, அப்புறம் வண்டியே ஒருதரம் குலுங்கியது.
கீழே ஏதோ பிளவு; ஜல்லி சரிந்து
கடனில் வாங்கிய சுத்தியலைக் கவ்விக்கொண்டது.
"பின்னாடி சுத்து, நாச்சிமுத்து!"

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
"பின்னாடி சுத்துனா மரை கழண்டு
ராடு பூராவும் உள்ளயே போயிருமுங்கக்கா."

தெரியும். பதினோரு வருஷமாகத் தெரியும்.
புதுப் பையன்களுக்கு முதல் நாள் நானே சொல்வது.
பயத்துக்கு வழி ரெண்டுதான்:
இன்னும் அழுத்து,
இல்லாவிட்டால் வந்த வழியே ஓடு.

"சித்தெ இருங்க" என்றான்.
லீவரில் ரெண்டு விரல்.
சுழற்சி முன்பக்கமாகவே;
ஒரு சாண் மேலே, முக்கால் சாண் கீழே,
காற்றை அடைத்து, திறந்து, மறுபடி அடைத்து,
பல்லிடுக்கு நாரை நாக்கு தேடுகிற மாதிரி.

நாற்பது நிமிஷம்.
வாயை மூடிக்கொண்டு நிற்பது என் வேலை.
அதற்குக் கொஞ்சம் பழகிய பிறகு
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
நோட்டில் வேறு பக்கம் திருப்பினேன்.
தாராபுரத்துக்கு: நாளை இல்லை, நாள் பிறகு சொல்கிறேன்.
ராய்ச்சூருக்கு: வண்டியோடு மல்லுக்கட்ட வேண்டாம்,
அக்கம்பக்கத்தில் வேலை இருக்கிறதா கேளுங்கள்.
சுக்ராம்: ஈரோட்டில் ரயில் ஏற்றிவிட வேண்டும்.
அவன் ராடுக்கு ஆள்?
அங்கே ஒரு கேள்விக்குறியை அப்படியே விட்டேன்.
என் நோட்டில் அது முதல் கேள்விக்குறி.

மூணு மணிக்கு மேல் புகை கறுத்தது.
ஈரம். அப்புறம் சேறு. அப்புறம்
அரை இஞ்சுத் தண்ணி, கலங்கலாக,
எங்களைக் கவ்விய அதே பிளவிலிருந்து.

"கீழ போனா இன்னும் வருமுங்களா?"

இன்னும் நூறு அடி போனால் எனக்கு லாபம்.
வருமுங்க என்று நாக்கு பழக்கத்தில் எழுந்தது.
"தெரியலீங்" என்றேன்.
அந்த வார்த்தை காட்டில் விழுந்து
கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தது.
"இப்ப நிறுத்தீரலாம். மூடி போட்டு
ரெண்டு நாள் ஊற விட்டுப் பாருங்க.
பத்தலீன்னா திரும்ப வாரனுங்."

அவர் மொபெட்டிலிருந்து இறங்கினார்.
குனிந்து, குழியோரச் சேற்றில் விரல் தோய்த்து,
நுனி நாக்கில் வைத்து,
நாச்சிமுத்து, சுக்ராம், நான் எல்லோரும் பார்த்திருக்க,
"உப்பில்லீங்" என்றார்.

உப்பைப் பற்றி நான்
எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.