பார்த்தாச்சு, தாண்டு

தண்டையார்பேட்டை, ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வரிசை:
தடைக்கால நிவாரணப் பட்டியல்.
பெயர், கணவர் அல்லது அப்பா பெயர், கதவு எண்
மூன்றையும் ஒட்டி ஒரு சாவி.
சாவி முன்பே பையில் கிடந்தால் தாண்டு,
இல்லையென்றால் பையில் போடு, பணம் எழுது.
ஆறு வரி லூப்.
ஓடி முடித்தபோது டீயில் ஏடுகூடப் படியவில்லை.

தாண்டியவை நூற்று நாற்பது.
சும்மா கண்ணை ஓட்டினேன்.
ஒரே ஆளை ரெண்டு பேர் டைப் அடித்தது,
ஒரே ஆள் ரெண்டு கவுண்டரில் நின்றது,
எல்லாம் சரி.
2207 மட்டும் உறுத்தியது.
மரியலீலா, க/பெ சூசையப்பன்,
காசிமேடு, கதவு எண் பதினாறு.
518-லும் அச்சாக அதுவே.
போன் நம்பர் வேறு.

அடித்தேன்.
பின்னால் ஐஸ் உடைக்கிற சத்தம்.
"லீலா இருக்காங்களா?"
"எந்த லீலா? பெரியவளா, சின்னவளா?"
நான் முழிப்பது அங்கே கேட்டிருக்கும்.
"தூக்கத்துல பேர மாத்திக் கூப்ட்டு மாட்டிக்கக் கூடாதுன்னு
அதே பேருல தேடிக் கட்னான் சார், பாவி."
சிரித்தாள். பக்கத்திலேயே இன்னொரு குரலும் சிரித்தது.
"போட்டோட போனவன், மூணு வருசம் ஆவுது.
நாங்க ரெண்டு பேரும் ஒரே கூடைலதான் யாவாரம்.
இன்னா, ஒருத்திய எடுத்துட்டியா?"

"இல்லம்மா, சும்மா செக் பண்ணத்தான்."
எடுத்தது நானில்லை, கண்டிஷன் என்று
வாய் வரை வந்தது.

பிறகு பையைக் கொட்டிப் பார்த்தேன்.
எஸ். கணபதிராஜ்
எஸ்.கணபதிராஜ்
கணபதி ராஜ் எஸ்
கெணபதிராஜ்.
ஒரு புள்ளி, ஒரு இடைவெளி, ஒரு கொம்பு.
நாலும் வேறு சாவி, நாலுக்கும் பணம்,
போய்ச் சேருவது ஒரே வங்கிக் கணக்கு.

சரி, கணக்கு எண்ணையே சாவியாக்கு.
திரும்ப ஓட்டினேன்.
மூன்று கணபதிராஜ் கழன்று விழுந்தார்கள்.
கூடவே 2207-ம்.
ஒரே கூடைக்காரிகளுக்கு
ஒரே பாஸ்புக்.

டீ ஆறிப்போயிருந்தது.
தாண்டு என்ற வரிக்கு மேலே
படித்தவன் எழுதக் கூடாத ஒரு வரி எழுதினேன்:
வரிசை எண் 2207 என்றால், தாண்டாதே.
நாளைக்கு இதைத் திறக்கிறவன்
என்னைக் கண்டபடி திட்டுவான்.
காரணம் எழுத வேண்டிய இடத்தில்
ரொம்ப நேரம் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது.
'சின்னவள்' என்று போட்டு
சேவ் பண்ணினேன்.