ஏழுமலையின் துண்டு

கல்மண்டபத்தில் டிராம் நிற்கும் இடத்திலிருந்து
மூன்றாவது சந்து எங்களுடையது.
சண்டை முடியப்போகிறதென்று பேசிக்கொண்ட
அந்த ஐப்பசியில்
டிராம் வந்தது, மணி அடித்தது,
இறங்க ஆளில்லை.

பள்ளிக்கூடம் பூட்டி ஒன்பது நாள்.
முதலில் எனக்குச் சந்தோஷம்தான்,
பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு வராது.
பிறகு கணக்கு வாத்தியாரையே
நாலு பேர் தூக்கிப் போனார்கள்.
அன்றிரவு யாரும் கேட்காமலே
இருட்டில் முழுக்கச் சொன்னேன்.
பதினாறு ஒன்பது நூற்றி நாற்பத்து நாலு.

தண்டோராக்காரர் வந்து சொன்னார்:
கப்பல் காய்ச்சல், கூட்டம் சேராதே,
நோயாளி துணியை வெந்நீரில் போடு.
மறுநாள் வேறொருவர் வந்து
அதையே சொன்னார்.
நேற்று வந்தவர் எங்கே என்று கேட்க
அம்மா விடவில்லை.

அப்புறம் எருமை கத்த ஆரம்பித்தது.

பால்கார ஏழுமலையின் எருமை, பெயர் மகாராணி.
ஒரு பகல், ஓர் இரவு, மறுபடி ஒரு பகல்.
கறக்காத மடி எப்படி வலிக்கும் தெரியுமா,
பல்வலி மடிக்கு வந்த மாதிரி என்றான்
எதிர்வீட்டு ரசாக்.
சந்தில் பன்னிரண்டு வீடு.
ஏழில் படுக்கை.
கஞ்சியில் விட ஒரு சொட்டுப் பாலில்லை,
பாலோ கொட்டகையில் நின்று
கத்திக்கொண்டிருந்தது.

அம்மா அசந்த நேரம் போனோம்.
முதல் உதையில் வாளி சுவரோரம்.
இரண்டாவதில் ரசாக் இருந்த இடத்தில் ரசாக் இல்லை,
சாணத்தில் இருந்தான்.
உள்ளேயிருந்து, இருமலுக்கு நடுவில்,
ஏழுமலையின் குரல்:
"துண்டு... என் துண்டைக் கட்டிக்கோ தனகோட்டி,
அதுக்கு என் வாசனை வேணும்."

ஆணியில் தொங்கியது. சிவப்புக் கட்டம்.
வியர்வை, வைக்கோல், கொஞ்சம் புகையிலை.
நோயாளி துணி.
வெந்நீரில் போட்டால் காய்ச்சல் போகும்,
வாசனையும் போகும்.
ரசாக்கைப் பார்த்தேன்.
அவன் எருமையைப் பார்த்தான்.
தலையில் கட்டிக்கொண்டேன்.

மகாராணி திரும்பி முகர்ந்தாள்.
சூடான மூச்சு என் காதுக்குள் போனது.
கால் அசையவில்லை.
முதல் பீய்ச்சல் தகர வாளியில் விழுந்த சத்தத்துக்கு
சந்தில் ஒரு ஜன்னல் திறந்தது.

வாசல்தோறும் வெறும் செம்பு வைத்தார்கள்,
ஊற்றிவிட்டு ஓடினோம்.
ஆறாம் வீட்டுச் செம்பு ஒரு காலை வெளியே வரவில்லை,
அடுத்த காலையும்.
அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.
அந்தப் பாலை ஏழாம் வீட்டில்
சேர்த்து ஊற்றினோம்.

ஐந்தாம் நாள் அம்மா துண்டைப் பார்த்துவிட்டாள்.
"தொடாதேன்னு சொன்னேனாடீ?"
அடிக்க ஓங்கிய கை
நெற்றியில் வந்து நின்றது.
சுட்டிருக்க வேண்டும்,
சட்டென்று எடுத்து, மறுபடி வைத்தாள்.

பிறகு எத்தனை நாளோ.
கூரை மேல் டிராம் ஓடியது.
வாத்தியார் பதினாறு பதினாறு என்று கேட்டார்,
வாய் வரவில்லை.

ஒரு விடியலில் விழித்தபோது
எல்லாம் அமைதி.
எருமை கத்தவில்லையே!
செத்துப்போச்சா என்று
சுவரைப் பிடித்துக்கொண்டே ஜன்னலுக்குப் போனேன்.

சர்ர், சர்ர்.

கொட்டகையில் ரசாக் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.
வாளிக்கு முன் குந்தியிருப்பது அம்மா.
தலையில் சிவப்புக் கட்டம்.

தீபாவளி கழிந்து ஏழுமலை எழுந்து வந்தார்,
சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது.
மகாராணி அவரை முகர்ந்தாள்,
ஓரடி பின்னால் போனாள்,
என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.
அவர் சிரித்து, இருமி,
அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"துண்டைக் குடும்மா,
இல்லேன்னா என்னை உதைக்கும்."

"வெந்நீர்ல போட்டாச்சு," என்றாள் அம்மா.
"முதல்லேர்ந்து பழகு."