உப்பில்லாத கரை

ஊரில் உன் இனத்துக்கு உப்புக்கொத்தி என்று பெயர்.
இது ஏரி.
விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டேன்,
ஒரு கல் உப்புக்கூட இல்லை.
வசாகாவின் இந்த மணலில்
உன்னை என்னவென்று கூப்பிடுவது?

மே மாதம். காலை ஐந்து மணி.
கரையை வாருவது என் வேலை.
டிராக்டருக்குப் பின்னால் இரும்புச் சீப்பு,
சீப்பில் பியர் மூடி, பாசி, ஒற்றைச் செருப்பு,
ஒருமுறை யாரோ கழற்றி எறிந்த கல்யாண மோதிரம்.
செவ்வாய் நான் போட்ட டயர்த் தடத்தில்
புதன் நீ குழி பறித்திருந்தாய்.
வியாழன் ஒரு முட்டை. சனி இன்னொன்று.
நான் எங்கே கண்டேன்?
மார்லீன்தான் கைகளை விரித்தபடி
டிராக்டருக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

பிறகு கம்பிக் கூண்டு, கயிறு, மஞ்சள் பலகை.
"முதலாம் பகுதியை வாரவேண்டாம்" என்றார்கள்.
முதலாம் பகுதி என்றால்
எனக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம்.
ஐம்பத்தைந்து கிராம் இருப்பாயாம்.
என் வீட்டு வாடகையின்மேல்
அடைகாக்கிறாய்.

பாசி நாறுது, எவன் வருவான் என்று
மோட்டல்காரர் நகரசபையில் கத்தினார்.
நான் பின்வரிசையில் இருந்தேன்.
கை தட்டவில்லை.
தட்ட நினைத்தேன்.

ஜூனில் ஒரு நாள்
பந்தொன்று கயிற்றைத் தாண்டி உருண்டது,
அதன் பின்னால் ஒரு சிறுவன்.
நீ ஒரு சிறகை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு
எதிர்ப்பக்கமாக நொண்டினாய்.
ஸ்கார்பரோவிலிருந்து வந்த குடும்பம்
கையில் சுட்ட கோழிக்காலுடன் அப்படியே நின்றது.
"ஐயோ, அடிபட்டிட்டுது."
இல்லை அக்கா, நடிப்பு என்றேன்.
போதுமான தூரம் அவனை இழுத்துப்போய்
ஒன்றும் நடவாததுபோல் எழும்பிப் பறந்தாய்.
நான் தினமும் நடிப்பது இதன் மறுபக்கம்:
ஒடிந்த இடுப்போடு
ஒடியாதவன்போல் டிராக்டரில் ஏறுவது.

நான்கில் மூன்று பொரித்தன.
ஒன்றைக் கடற்காகம் கொண்டுபோனது
(அதற்கும் இங்கே பெயர் பொருந்தவில்லை).
இன்னொன்று எப்படிப் போனதென்று
மார்லீன் தன் கொப்பியில் எழுதவில்லை,
நானும் கேட்கவில்லை.
ஜூலையிலேயே நீ தெற்கே கிளம்பிவிட்டாய்,
மிஞ்சிய ஒன்றைத் தகப்பனிடம் விட்டுவிட்டு.

ஆகஸ்டில் கயிற்றை அவிழ்த்தார்கள்.
முதலாம் பகுதியை வாரச் சொன்னார்கள்.
வாரினேன், ஒரு சாண் விடாமல்.
என் இரண்டு மணி நேரம் திரும்பி வந்தது.

மறுநாள் விடிய
வாரிய மணல் கோடு போட்ட கொப்பிபோல் கிடந்தது.
அதில் ஒரு வரி நெடுக
மூன்று விரல், மூன்று விரல், மூன்று விரல்,
ஆய்த எழுத்தை மட்டும் படித்த பிள்ளை
எழுதிப் பழகியதுபோல்.

எஞ்சினை அணைத்தேன்.
அந்த வரி தண்ணீர்வரை போய்
அங்கே நின்றுவிட்டது.
இந்தப் பத்து நிமிடத்தையும்
வேலை நேரம் என்றுதான் எழுதப்போகிறேன்.