ஷட்டவுன்

மாசத்தில் ஒருநாள்தான் கொண்டலாம்பட்டிக்குக் காது திரும்ப வரும்.
ஒன்பது மணிக்குக் கரண்டை எடுத்ததும்
நாடா பாதி வழியில் நிற்கும்,
யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல.
அன்றைக்குத்தான் என்னால் பள்ளிக்கூடம் போக முடிந்தது.
மீட்டர் கூலிக்காரிக்கு வேறு லீவு ஏது.

முடியில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு
மூன்றாம் வகுப்பு பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தேன்.
ஜெசிந்தா டீச்சர் நோட்டைத் திருப்பினார்.
நாலு கூட்டத்துக்கு நாலு சுழி, என் பெயருக்கு நேரே.
"தர்னேஷ் வகுப்புல வாயே திறக்கிறதில்லைங்க."

சுருக்கென்றது.
"இல்லைங்க டீச்சர், தினமும் ராத்திரி படிக்கிறான்.
தார்ப்பெட்டி மேல உக்காந்து, என் எதிர்லயே.
நான் பாத்துட்டேதான் இருக்கேன்."

"பாத்தீங்க, சரி.
கேட்டீங்களா?"

அவர் குத்திக்காட்டவில்லை.
எனக்குத்தான் அந்த ஒரு சொல்
செருப்புக்குள் கல்லாக வீடு வரைக்கும் வந்தது.

நாலு தறிக்கு நடுவில் என்ன கேட்கும்?
இழை அறுந்தால் கண்ணுக்குத்தான் தெரியும்,
மகன் அழுதாலும் கண்ணுக்குத்தான்.
அவன் உதடு அசையும், நான் தலையசைப்பேன்,
பக்கம் புரட்டுவான், மறுபடி தலையசைப்பேன்.
போதுமென்று இருந்தோம், இரண்டு பேருமே.

அஞ்சு மணிக்கு வரவேண்டிய கரண்ட் ஆறு தாண்டியும் வரவில்லை.
வாசற்படி வெளிச்சத்தில் புத்தகத்தைக் கொடுத்தேன்.
"படி சாமி."
உதடு அசைந்தது, எப்போதும்போல.
மூன்றாவது வீட்டில் யாரோ குண்டான் கழுவுவது கேட்டது.
அவன் குரல் கேட்கவில்லை.
பிறகு உதடும் நின்றது.
"கரண்ட் எப்பம்மா வரும்?" என்றான்.

நான் திட்டவில்லை.
ஜூனிலிருந்து தலையாட்டியவளுக்குத் திட்ட வாய் ஏது.

இப்போதெல்லாம் ஏழு மணிக்கு நாலு தறியையும் நிறுத்துகிறேன்.
இருபது நிமிஷம்.
சனிக்கிழமை துணி அளந்துவிட்டு முதலாளி,
"என்ன, முப்பது மீட்டர் குறையுது?" என்கிறார்.
"நூல் சரியில்லைங்க" என்கிறேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. அவன் சொல்வது சரியா தப்பா, அதுவும் தெரியாது.
குரல் தடுக்கும் இடம் மட்டும் தெரியும்.
அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லி,
"நாளைக்கு டீச்சரைக் கேளு" என்பேன்.

நேற்று அந்தப் பக்கத்தில் பதினேழு புள்ளி.
இன்றைக்கு எண்ணினால் பதினாறு.
கேட்டானா, சும்மா அழித்துவிட்டானா?
பக்கத்து வீட்டுத் தறி சுவரை உலுக்கிக்கொண்டிருந்தது.
"அந்த வரியை இன்னொரு வாட்டி படி,
கொஞ்சம் சத்தமா" என்றேன்.